வேடர் வில்லும் சமன்செய்யும் கலையும்

தோற்றுவாய்

உக்குவளையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்கு முதலிற் புலப்படுவது நக்கிள்ஸ் மலைத்தொடராகும். காலை வேளையில் அம்மலைமுகடுகள் மேகப் போர்வை போர்த்து நிற்கும் காட்சியை நாம் நாள்தோறும் கண்டு பழகியுள்ளோம். ஆயின் அம்மலைக்கு அப்பால் யாது உளது என்று எண்ணிப் பார்ப்பவர் நம்முள் மிகச் சிலரே. மலை கடந்து கீழிறங்கினால் மகாவலி கங்கை பாயும் தாழ்நிலம் வரும். பழையோர் அதனை விந்தனை நாடு என வழங்கினர். நெடுங்காலமாக இலங்கை வேடரின் உறைவிடமாய் இருந்தது அந்நாடேயாகும்.

வேடர் என்ற மாத்திரத்தே நம் உள்ளத்தில் எழும் உருவம் எது? தோளிலே ஒரு சிறு கோடரி. கையிலே ஆளுயர வில். இவ்விரண்டுமே அம்மக்களின் செல்வம். கோடரியைக் கொல்லன் அடித்துக் கொடுத்தான். வில்லையோ வேடன் தன் கையாலேயே ஆக்கிக்கொண்டான். அவ்வாறு ஆக்கும்போது அவன் செய்த வேலைகளுள் அருமையானது ஒன்றுண்டு. மரத்தை வெட்டுதல் எளிது. பட்டை உரித்தல் எளிது. நாண் திரித்தலும் பழகினால் கைவரும். ஆனால் வில்லின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுக்கொன்று குறையாமலும் மிகாமலும் ஒருங்கே வளையும்படி சீவிச் சமன்செய்தல் இருக்கிறதே, அதுவே வில்லுக்கு உயிர் கொடுக்கும் வேலை. மன்னர்களின் முடிசூட்டு விழாக்களையும் போர்க்களங்களையும் வரலாறு விரிவாக எழுதி வைத்திருக்கிறது. ஒரு மரக்கொம்பைச் சமன்செய்து குடும்பத்தின் பசி தீர்த்த மனிதனின் கைத்திறனுக்கு அது சில வரிகளே ஒதுக்கியுள்ளது. அக்குறையைச் சிறிதளவேனும் நிரப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வில்லின் தொன்மை

மரம் மண்ணில் மக்கிவிடும். எலும்பும் கல்லும் எஞ்சும். ஆதலின் பண்டைக்கால வில்லைத் தேடுவோர் பெரும்பாலும் அம்பின் முனைகளையே காண்கின்றனர். களுத்துறை மாவட்டத்தில் உள்ள பாகியன்கலைக் குகையில் கிடைத்த எலும்பு முனைகளை ஆராய்ந்த அறிஞர் குழுவொன்று, 2020ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டது. அம்முனைகளுள் மிகப் பழையவை ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றும், குரங்கு, அணில் முதலிய மரமேறும் விலங்குகளை வேட்டையாட அவை அம்புமுனைகளாகப் பயன்பட்டன என்றும் அவர்கள் கருதினர். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் வழங்கியமைக்கு அந்நாள்வரை கிடைத்த சான்றுகளுள் இதுவே மிகப் பழையது என்றும் கூறினர். நாம் பிறந்த இச்சிறு தீவுக்கு இஃதொரு பெருமையன்றோ!

மேனாட்டிலே குளிர்ந்த சதுப்பு நிலமும் பனிமலையும் சில மரவில்களைக் காத்து வைத்துள்ளன. டென்மார்க்கு நாட்டின் ஹோல்மகோர்ட் சதுப்பில் 1944ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட எல்ம் மரவில் ஏறக்குறைய 9,000 ஆண்டுப் பழமையுடையது. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியிலே கண்டெடுக்கப்பட்ட 'ஏட்சி' என்னும் மனிதன் 5,000 ஆண்டுகளுக்கு மேல் அங்குக் கிடந்தவன். அவனருகே 1.82 மீற்றர் நீளமான யூ மரவில் ஒன்று கிடந்தது. அவ்வில் முற்றுப்பெறாத வில். கோடரியால் செதுக்கிய வடுக்கள் அதன்மேல் இன்றும் தெரிகின்றன. அதனைச் சீவி முடித்து நாணேற்றும் முன்னரே, பின்னிருந்து வந்த அம்பொன்று அவன் தோளிற் பாய்ந்து அவனை வீழ்த்தியது. சமன்செய்யப்படாத வில்லோடு இறந்த அம்மனிதனை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கின்றது.

பாரத நாட்டிலும் வில் பெருமதிப்புப் பெற்றிருந்தது. அலெக்சாந்தர் காலத்து இந்திய வில்லாளரைப் பற்றிக் கிரேக்க ஆசிரியர் அரியன் எழுதுகையில், அவர்களது வில் ஏந்துபவனின் உயரம் உடையது என்றும், அதனை நிலத்தில் ஊன்றி இடக்காலால் மிதித்து நாண் இழுப்பர் என்றும் குறித்தார். அக்கினி புராணத்தின் வில்வித்தைப் பகுதி நான்கு முழ வில்லை உத்தமம் என்றும், மூன்றரை முழத்தை மத்திமம் என்றும், மூன்று முழத்தை அதமம் என்றும் வகுக்கிறது. சேர மன்னர் வில்லைத் தம் இலச்சினையாகக் கொண்டனர். பெரிய புராணத்திலே திண்ணனார், அதாவது கண்ணப்ப நாயனார், முதன்முதல் வில் பிடித்த நாளை வேடர் குலம் முழுதும் கூடி விழாவாக எடுத்தமையைச் சேக்கிழார் பெருமான் விரித்துப் பாடியுள்ளார். கதிர்காமத்து வள்ளியம்மையை வேடர் குலத்து மகளாகவே நாம் போற்றுகின்றோம். ஆதலின் வில்லும் வேடரும் நமக்கு அயலாரல்லர்.

மாத்தளையும் வேடரும்

வேடர் என்போர் எங்கோ தொலைவில் உள்ள மக்கள் என்று நம்முள் பலர் நினைக்கக்கூடும். அஃது உண்மையன்று. மாத்தளை நாட்டின் எல்லைகளையும் ஊர்களையும் கூறும் 'மாத்தளைக் கடயிம்பொத்த' என்னும் பழைய சிங்கள நூல், இப்பகுதியில் வாழ்ந்த வேடர் தலைவர் பலரையும் அவர்கள் ஏற்றிருந்த காவற்பணியையும் எடுத்துரைக்கிறது. வேடரைப் பற்றி 1911ஆம் ஆண்டில் பெருநூலொன்று வெளியிட்ட செலிக்மன் தம்பதியினரும் இச்செய்தியைத் தம் நூலில் எடுத்தாண்டுள்ளனர். எனவே நாம் இன்று பாடசாலைக்கும் கோயிலுக்கும் நடந்து செல்லும் இந்நிலத்தின் காடுகளில் ஒருகாலத்தில் வேடர் வில்லேந்தி நடந்தனர் என்று கொள்ளல் தகும்.

அம்மக்களைப் பற்றி விரிவாக எழுதிய முதல் ஆங்கிலேயருள் ஒருவர் றொபேட் நொக்ஸ் ஆவார். 1660ஆம் ஆண்டில் மூதூருக்கு அண்மையில் சிறைப்பிடிக்கப்பட்ட இவர், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கழித்து, 1679இல் தப்பியோடினார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது நூலில் சுவையான செய்தியொன்று உண்டு. வேடனுக்கு இரும்பு அம்பு வேண்டுமாயின் அவன் இரவிலே மறைவாக வந்து, கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவான்; தனக்கு வேண்டிய அம்பின் வடிவிலே வெட்டிய இலையொன்றையும் உடன் வைப்பான். கொல்லன் அவ்வண்ணமே செய்து வைத்தால் மேலும் இறைச்சி கொணர்ந்து நன்றி காட்டுவான். செய்யாது விட்டால் இருளில் ஓர் அம்பு கொல்லனைத் தேடி வரும்!

இச்செய்தியை நாம் சிறிது ஊன்றி நோக்குவோம். அம்புமுனைக்கு வேடன் பிறனை நாடினான். இலையொன்றில் அளவு எழுதிக் கொடுத்தான். ஆனால் வில்லுக்கு அவன் எவரிடமும் செல்லவில்லை. வில்லின் அளவை இலையில் வெட்டிக் காட்டவும் இயலாது. ஏனெனில் ஒவ்வொரு மரமும் வெவ்வேறு இயல்புடையது. ஒரு கொம்பிலே கணு இருக்கும். மற்றொன்றிலே நார் முறுக்கியிருக்கும். ஒரே தடிப்பாகச் சீவினாலும் இரண்டும் ஒரே அளவில் வளையா. ஆகவே வில்லுக்கு அளவுகோல் கண்ணும் கையுமேயன்றி வேறில்லை.

யான் கற்ற பாடம்

இவ்விடத்தில் என் இளமைக்கால அனுபவம் ஒன்றைக் கூற வாசக அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக. யான் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்தில், 1415ஆம் ஆண்டு அஜின்கோர்ட் போர்க்களத்திலே ஆங்கில வில்லாளர் பிரெஞ்சு வீரரை வென்ற கதையை ஆசிரியர் சொல்லக் கேட்டேன். அன்று மாலையே வீடு சென்று, கிடந்த கமுகஞ் சிலாகை ஒன்றை எடுத்துச் சீவத் தொடங்கினேன். கயிறு கட்டி இழுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வளைந்தது. மறுபக்கம் விறைத்து நின்றது. எப்பக்கம் வளைந்ததோ அப்பக்கமே நன்றாக வருகின்றது என்று எண்ணி, அங்கேயே மேலும் சீவினேன். மூன்றாம் முறை இழுத்தபோது 'படார்' என்ற ஓசையுடன் அவ்விடத்திலேயே முறிந்தது.

என் பாட்டனார் தோட்டத்திலே மண்வெட்டிக்கும் கோடரிக்கும் பிடி போடுவதில் வல்லவர். முறிந்த துண்டுகளை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, வளையுற இடத்தையே போட்டுச் சீவினியா? வளையுற இடம் வேலை செய்யுது. வளையாத இடந்தான் சும்மா இருக்கு. சும்மா இருக்கிறவனைத் தட்டி எழுப்பு. உழைக்கிறவனை இன்னும் வாட்டாதே" என்றார்.

அடுத்த மூன்று மாலைகளில் அவர் அருகிலிருந்து எனக்கு வேறொரு வில்லைச் சீவக் கற்பித்தார். அவர் கத்தியைத் தம் கையில் வாங்கவேயில்லை. விறைத்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவார், யான் சீவுவேன். அவர் மறைந்து ஆண்டுகள் சில ஆயின. பின்னர்ச் சர்வகலாசாலையிலே நூல்களைப் புரட்டியபோதுதான், அவர் கூறிய அவ்வொரு வாக்கியத்தில் ஒரு சாத்திரமே அடங்கியிருந்தமையை உணர்ந்தேன்.

சமன்செய்யும் முறை

இனி அச்சாத்திரத்தின் உட்பொருளை நோக்குவாம். நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்புறம், அதாவது இலக்கை நோக்கிய முதுகு, நீட்சியடைகிறது. வில்லாளனை நோக்கிய வயிற்றுப்புறம் அமுக்கமடைகிறது. முதுகிலே நார் அறுபட்டால் வில் அங்கே பிளக்கும். ஆகையால் தேர்ந்தவன் முதுகில் மரத்தின் ஒரே வளர்ச்சி வளையத்தை முனை முதல் முனை வரை வெட்டாமல் விடுவான், சீவுவதெல்லாம் வயிற்றுப்புறத்திலேயே. பச்சை மரம் இழுத்தபடியே வளைந்து நின்றுவிடும். ஆதலின் கொம்பை நிழலில் உலர்த்தி எடுத்தல் வேண்டும்.

முதலில் நாண் இல்லாமலே வில்லின் ஒரு முனையை நிலத்தில் ஊன்றி, பிடியில் மெல்ல அழுத்தி, அப்பாதி வளைவதைக் காண்பர். பின் திருப்பி மறுபாதியைச் சோதிப்பர். இரண்டும் ஓரளவு ஒத்த பின்னர், தளர்வான நீண்ட கயிறொன்றைக் கட்டிச் சிறிதளவு இழுத்துப் பார்ப்பர். மேனாட்டார் இதற்கெனச் சுவரிலே ஒரு மரச்சட்டம் அமைத்து, வில்லை அதிற் பொருத்திக் கயிற்றைக் கீழிழுத்து, சற்றுத் தொலைவில் நின்று வளைவை நோக்குவர். பின்னால் சுவரிலே சதுரக் கோடுகள் வரைந்திருப்பின் பிழை எளிதிற் புலப்படும். விறைத்த இடத்துக்குக் கரியால் அடையாளமிட்டு, அங்கு மட்டும் சிறிது சுரண்டுவர். மெலிந்த இடத்தைத் தொடுதல் கூடாது.

இதிலே பொறுமை எத்துணை வேண்டும் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு மரத்தண்டின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதமாகவும், தடிப்பின் முப்படிக்கு நேர்விகிதமாகவும் அமையும். அகலத்திற் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்கே குறையும். தடிப்பிற் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலோ, விறைப்பு நூற்றுக்கு 73 ஆகிவிடும். கால் பங்குக்கு மேலே போய்விடும். தடிப்பைப் பாதியாக்கினால் விறைப்பில் எட்டில் ஒரு பங்கே எஞ்சும். ஒரு தாள் அளவு கூடுதலாகச் சுரண்டினாலும் வில்லின் குணம் மாறுவது இதனாலேதான். எடுத்த மரத்தை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. ஆதலின் இறுதிக் கட்டத்தில் கத்தியைக்கூட விட்டுவிட்டு, உடைந்த கண்ணாடித் துண்டால் மாவுபோலச் சுரண்டுவோரும் உளர்.

ஒவ்வொரு முறை சுரண்டிய பின்னும் இருபது முப்பது தடவை வில்லை மெல்ல இழுத்து விடுதல் வேண்டும். மரம் தன் புதிய நிலையை அப்போதுதான் வெளிக்காட்டும். அவசரக்காரன் சுரண்டியவுடன் முழுதும் இழுத்துப் பார்ப்பான். உள்ளே மறைந்திருந்த பிழை அப்போதே வில்லை முறித்துவிடும். பிழை தெரிகின்ற அளவுக்கு மேலே இழுக்கலாகாது என்பது இக்கலையின் பொன்விதியாகும். சிறிய வளைவிற் கண்ட பிழையைத் திருத்தாமல் பெரிய வளைவுக்குப் போதல் கூடாது.

இவ்வளவு பாடும் எதற்கு என்று வினவலாம். ஒரு பாதி மற்றொன்றினும் விறைப்பாயின், நாணை விடும்போது இரு முனைகளும் ஒரே வேளையில் திரும்பா. அம்பின் குதை நேரே செல்லாது மேலோ கீழோ ஆட்டப்படும்; கையிலே அதிர்ச்சி உண்டாகும்; குறி தவறும். அதுமட்டுமன்று. மெலிந்த பாதியே மிகுதியாக வளைவதால் சுமையெல்லாம் அதன்மேல் விழும். அங்கே மரத்தின் நார் நொறுங்கி, வயிற்றுப்புறத்தில் மெல்லிய குறுக்குக் கோடுகள் தோன்றும். வில் நாளடைவில் நாணின் பக்கமாகவே வளைந்து நின்று வலிமை இழக்கும், முடிவிலே முறியும். மாறாக, சுமை முழு நீளத்திலும் பரவினால் எவ்விடமும் அளவுக்கு மீறி வருந்துவதில்லை. வேடரின் வில் ஆளுயரம் இருந்ததன் காரணமும் இதுவே. கொம்பும் நரம்பும் ஒட்டிய குறுவில் செய்யும் நாட்டார் போலன்றி, வெறும் மரத்தால் வில் செய்வோர் நீளத்தைக் கூட்டியே ஒவ்வோர் அங்குலத்தின் சுமையையும் குறைத்தனர். அரியன் கண்ட இந்திய வில்லும், புராணம் கூறும் நான்கு முழ வில்லும், ஏட்சியின் வில்லும் நீளத்தில் ஒத்திருப்பது தற்செயலன்று.

சமன் என்றால் இரு பாதியும் எல்லா வகையிலும் ஒன்றாயிருத்தல் என்று பொருள் கொள்ளுதலும் தவறு. பிடி நடுவிலிருப்பினும் அம்பு பிடிக்கு மேலே செல்கின்றது. ஆதலின் பலர் கீழ்ப்பாதியைச் சற்றே வலிதாக விடுவர். சப்பானியரின் 'யூமி' வில்லிலோ பிடி நடுவுக்கு மிகக் கீழே உள்ளது. மேற்பாதி கீழ்ப்பாதியினும் மிக நீளமானது. ஆயினும் இரண்டும் ஒரு கணத்திலே ஒன்றுபட்டு இயங்குகின்றன. எனவே சமன் என்பது ஒத்த நீளமன்று, ஒத்த உழைப்பேயாம்.

மேனாட்டார் சான்று

இனி, என் பாட்டனாரின் வாக்கியத்துக்கு வருவோம். இங்கிலாந்திலே 1545ஆம் ஆண்டில் றோஜர் ஆஸ்கம் என்னும் அறிஞர் 'டொக்சோபிலஸ்' என்ற வில்வித்தை நூலை எட்டாம் ஹென்றி மன்னனுக்குச் சமர்ப்பித்தார். ஆங்கில மொழியில் வில்வித்தைக்கென எழுந்த முதல் நூல் இதுவே. வில்லிலே ஓரிடம் அளவுக்கு மேல் வளைந்து நொறுங்கத் தொடங்கினால், அவ்விடத்தை விட்டுவிட்டு அதன் இருமருங்கிலும் உள்ள வலிய இடங்களைச் சிறிது மெலிவித்து, அவையும் உடன் வளையுமாறு செய்ய வேண்டும் என்று அதில் அறிவுறுத்தினார். கேம்பிரிட்ஜ் பண்டிதர் எழுதிய விதியும், உக்குவளைத் தோட்டத்திலே மண்வெட்டிப் பிடி சீவிய முதியவர் சொன்ன விதியும் ஒன்றேயன்றோ! மரம் எந்நாட்டவர்க்கும் ஒரே பாடத்தையே கற்பிக்கின்றது.

அந்நூல் வெளியான அதே 1545ஆம் ஆண்டிலே 'மேரி றோஸ்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் கடலில் மூழ்கியது. அதன் உடற்பகுதி 1982இல் வெளியே எடுக்கப்பட்டது. அக்கப்பலிலிருந்து முழு வில்கள் நூற்றுக்கு மேற்பட்டவை கிடைத்தன. எழுத்தில் இருந்த செய்தியைக் கண்ணாற் காண அவை உதவின. இந்நாட்டு வேடர்க்கோ அத்தகைய நூலும் இல்லை, கப்பலும் இல்லை. அவர்தம் கலைக்குக் கையே ஏடு, மகனே மாணவன்.

வில்லும் அரசும்

வேட்டைக்கு மட்டுமன்றி நாட்டுக்காகவும் வேடர் வில் வளைந்ததுண்டு. ஒல்லாந்தரோடு மூண்ட போருக்கு அரசனின் அதிகாரி வேடரை அழைத்ததாகவும், அவர்கள் தம் வில்லும் அம்பும் கொண்டு மற்றையோர்க்கு இளையாது போரிட்டதாகவும் நொக்ஸ் எழுதுகிறார். ஆனால் ஊர் திரும்பியதும் அவர்கள் மேலும் உட்காட்டுக்குள் புகுந்துவிட்டனராம். ஏன்? அரசன் மீண்டும் போருக்கு அழைத்துவிடுவான் என்ற அச்சமே காரணம். வீரத்துக்குக் குறைவில்லை, அடிமைப்பட மட்டும் அவர்கள் விரும்பவில்லை.

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. இரண்டாண்டு கழித்து ஊவா வெல்லசப் பகுதியிலே கிளர்ச்சி மூண்டது. 1817இன் பிற்பகுதியில் அதனை அடக்கச் சென்ற பதுளை அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் என்பவர் வேடர் எய்த அம்பினால் மாண்டார். துப்பாக்கியும் பீரங்கியும் உடைய பேரரசின் அதிகாரி, காட்டிலே சீவப்பட்ட ஒரு மரவில்லுக்கு இரையானார். இதன்பின் கெப்பெட்டிபொலை திசாவையும் கிளர்ச்சியாளரோடு சேர்ந்ததும், 1818 நவம்பரில் கண்டியில் அவர் தலை வெட்டுண்டதும், அந்நாடு முழுதும் நெருப்புக்கு இரையானதும் நாமறிந்த வரலாறு. மனிதரைக் கொன்றதனை யாம் புகழ வரவில்லை. ஒரு மக்களின் கைத்தொழில் எத்துணைச் செவ்வையாக இருந்தது என்பதற்குச் சான்றாகவே இதனைக் குறித்தோம்.

காடும் கையும்

இங்ஙனம் பெருமைபெற்ற வில் பின்னர் எய்திய நிலை யாது? 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட காடுகளில் வேட்டை குற்றமாயிற்று. மகாவலித் திட்டத்தின்போது, 1983ஆம் ஆண்டில், மாதுறு ஓயாத் தேசிய வனம் பிரகடனம் செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காடு வேடர்க்கு மூடப்பட்டது. குடும்பங்கள் பல ஹெனானிகலை முதலிய குடியேற்றங்களுக்குச் சென்றன. தம்பானைத் தலைவர் திசாஹாமி மட்டும் சிலரோடு தம் ஊரைவிட்டு அகல மறுத்து, 1998இல் அங்கேயே இயற்கை எய்தினார். அவர் மகன் வன்னில அத்தோ 1996ஆம் ஆண்டில் ஜெனீவா சென்று, ஐக்கிய நாடுகள் மன்றத்திலே தம் மக்களின் குறையை எடுத்துரைத்தார். காட்டைக் காத்தல் நன்றே. ஆனால் அக்காட்டை ஆயிரமாயிரம் ஆண்டு அழியாது வைத்திருந்தவனை வெளியே நிறுத்திக் காத்தல் எவ்வளவு நீதியானது என்பதை அறிவுடையோர் சிந்திப்பாராக.

வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் நம்மைப்போலவே தமிழ் பேசுவோர். அவர்தம் வாழ்க்கையும் கடலையும் வயலையும் சார்ந்து மாறிவிட்டது. தம்பானையிலோ வருகின்ற பயணிகளுக்கு இளைஞர் வில் வளைத்துக் காட்டுகின்றனர். காட்சிக்கு வளைக்கும் வில் ஓரளவு வளைந்தாற் போதும். பசிக்கு வளைக்கும் வில்லே பிழையின்றி வளைய வேண்டியிருந்தது. தேவை நீங்கினால் திறன் மங்குதல் உலக இயற்கை.

இவ்விடத்தில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1911ஆம் ஆண்டில், தன் இனத்தார் அனைவரும் மடியத் தனியனாய் எஞ்சிய இஷி என்னும் பழங்குடி மனிதன் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்தான். சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் அவனுக்கு வைத்தியம் செய்ததோடு நில்லாமல், அவன் அருகில் அமர்ந்து வில் செய்யவும் எய்யவும் கற்றார். இஷி 1916இல் மறைந்தான். போப் தாம் கற்றதையும் ஆராய்ந்ததையும் 1923இல் நூலாக்கினார். அந்நாட்டிலே மரவில் செய்யும் கலை மீண்டும் தழைத்ததற்கு அந்நட்பு ஒரு வித்தாயிற்று. ஒரு முதியவன் பேச, ஒருவர் மட்டும் செவிசாய்த்தார். ஒரு கலை பிழைத்தது.

முடிவுரை

சங்கத்து வாலிப அன்பர்களே! நம்முள் எத்தனையோ பேர் கதிர்காமத்துக்கும் மகியங்கனைக்கும் பயணம் செல்கின்றோம். வழியிலே தம்பானைக்குச் சென்று, வில்லோடு நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றோம். அடுத்த முறை செல்லும்போது அங்குள்ள முதியவர் ஒருவரின் அருகில் அரைமணி நேரம் அமர்வோமாக. "ஐயா, இது என்ன மரம்? எந்தப் பக்கத்தை முதலில் சீவினீர்கள்? எங்கே விறைத்தது? எப்படிச் சரிசெய்தீர்கள்?" என்று பணிவோடு வினவுவோமாக. கேட்டதை எழுதி வைப்போமாக. ஏன், அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. நம் லயங்களிலும் கிராமங்களிலும் கூடை முடைவோர், உடுக்கைக்குத் தோல் கட்டுவோர், கத்திக்குப் பிடி போடுவோர் இன்னும் உளர். அவர்தம் விரல்நுனியில் உள்ளதை எந்தப் புத்தகசாலையிலும் காண முடியாது. என் பாட்டனாரிடம் யான் கேட்டது மூன்று மாலைகளுக்கு மட்டுமே. நாணுக்கு அவர் என்ன நாரைத் திரித்தார் என்பதைக் கேட்க மறந்தேன். இனி அதனை யாரிடம் கேட்பேன்?

பெரியோர்களே! தங்களிடம் ஒரு விண்ணப்பம். கத்தியைத் தாங்கள் வாங்கிக்கொள்ளாமல், விறைத்த இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்; சீவுதலை இளையோரிடம் விடுங்கள். ஒன்றிரண்டு கொம்பு முறியத்தான் செய்யும். ஆயினும் கை பழகிவிடும்.

முதியோரும் இளையோரும் ஒரு வில்லின் இரு பாதிகள் போன்றோர். ஒரு பாதியே முழுச் சுமையையும் தாங்கினால் வில் முறியும். இரண்டும் ஒருங்கே உழைத்தால் அம்பு நேரே செல்லும். நம் சங்கமாகிய வில்லும் அவ்வாறே சமனாய் வளைந்து, நல்ல குறிகளை எய்துக என எல்லாம் வல்ல இறைவனை வேண்டி அமைகின்றேன்.